மலர்க்குன்றின் அணில்களும் ஓநாய்களும்

விலங்குகளைப் பேசவைத்த பெருமை கவிஞர்களுக்கும் கதைசொல்லிகளுக்கும் உரியது. பேசவைத்த நாளிலேயே அவற்றின் கையில் படைக்கலத்தையும் கொடுத்துவிட்டார்கள் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி முழுவதும் காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் நடந்த போரின் கதையே. வடமொழியில் அதற்குக் காகோலூகீயம் என்று பெயர். 1826ஆம் ஆண்டில் தாண்டவராய முதலியார் தமிழில் தந்த பஞ்சதந்திரத்தில் அது சந்திவிக்கிரகம் என்று வழங்குகிறது. அரசகுமாரர்களுக்கு அரசியல் கற்பிக்க எழுந்த அந்நூல், பகையையும் உளவையும் சூழ்ச்சியையும் பறவைகளின் வாயிலாகவே கற்பித்தது.

அந்தப் பழைய மரபு இருபதாம் நூற்றாண்டில் ஏட்டிலிருந்து வெண்திரைக்கும், பிறகு தொலைக்காட்சிக்கும் இடம்பெயர்ந்தது. கற்பவர்கள் இப்போது அரசகுமாரர்கள் அல்லர். நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளும். கற்பிப்பவர்களும் விஷ்ணுசர்மர்கள் அல்லர், படைத்துறைகளும் அரசுகளும். பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இம்மலரில் இப்படியொரு பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உவமையையும் உருவகத்தையும் நாள்தோறும் கையாள்பவர்கள் நாம். அவை போர்க்களத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது என்ன ஆயின என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

மலர்க்குன்று

இவ்வகைப் படைப்புகளில் நெடுங்காலம் நீடித்தது, வட கொரியாவில் உருவான 'அணிலும் முள்ளெலியும்' என்னும் இயங்கு சித்திரத் தொடர். 1977இல் தொடங்கி, இடைவெளிகளோடு 2010களின் தொடக்கம்வரை முப்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள் வெளிவந்தன. தலைநகர் பியாங்யாங்கில் உள்ள எஸ்.இ.கே. என்னும் சித்திரப்பட நிலையம் இதை உருவாக்கியது. திரைக்கலை குறித்து 1973இல் ஒரு நூலே வெளியிட்ட கிம் ஜோங் இல், நாட்டின் திரைத்துறையைத் தம் நேரடிக் கவனத்தில் வைத்திருந்த காலம் அது.

கதை நிகழும் உலகில் மனிதர் எவரும் இல்லை. மலர்க்குன்று என்னும் சிற்றூரில் அணில்களும் முள்ளெலிகளும் வாத்துகளும் கூடி வாழ்கின்றன. ஊருக்குக் காவல் ஒரு கரடி. வலிமை மிக்கது, ஆனால் குடிப்பழக்கம் உடையது. ஒருநாள் பகைவர் சூழ்ச்சியால் கரடி மதுவில் மயங்கிக் கிடக்க, கீரியை ஒத்த உருவுடைய வீசல் என்னும் குளிர்நாட்டு விலங்கின் படை ஊருக்குள் புகுந்து சூறையாடுகிறது. எலிகள் வீசல்களின் ஏவலர்கள். காவலனை நம்பியிருந்த சிறு விலங்குகள் பிறகு தாமே படை திரட்டுகின்றன. பொன்னிற அணிலான கும்சேகி பகைவர் பாசறைக்குள் ஒற்றனாகப் புகுந்து, அவர்களுள் ஒருவனைப் போலவே வாழத் தொடங்குகிறான். தொடர் வளர வளர ஓநாய்ப் படையும் களத்தில் இறங்குகிறது. சீருடை, பதவிப் பட்டை, துப்பாக்கி, கப்பல் என மனிதப் போரின் கருவிகள் யாவும் விலங்குகளின் கைக்கு வந்து சேர்கின்றன.

தமிழில் முள்ளெலியும் ஒரு வகை எலிதான். அங்கோ முள்ளெலி ஓர் அணி, எலி எதிரணி. எந்த விலங்கு எந்தப் பக்கம் என்பதை இயற்கை முடிவு செய்வதில்லை. கதை சொல்பவனே முடிவு செய்கிறான். இதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

கதையில் எந்த நாட்டின் பெயரும் சொல்லப்படுவதில்லை. ஆயினும் வெளிநாட்டுப் பார்வையாளர்கள் முகமூடிகளுக்குப் பின்னே நாடுகளைத் தேடாமல் இருக்கவில்லை. வீசல் ஜப்பான் என்றும், எலி தென் கொரியா என்றும், ஓநாய் அமெரிக்கா என்றும், குடிகாரக் கரடி சோவியத் நாடு அல்லது சீனா என்றும் அவர்கள் படித்தார்கள். இவை பார்த்தவர்களின் ஊகங்களே. எனினும் ஊகத்திற்கு இடம் தரும் வரலாறு அந்த மண்ணில் உண்டு. கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் கிடந்தது. விடுதலை பெற்ற ஆண்டிலேயே இரண்டாகப் பிளவுண்டது. 1950இல் மூண்ட போர் 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தத்தோடு நின்றது. அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை. முதல் பகுதி வெளிவந்த 1977இல் அதைப் பார்த்த குழந்தைகளின் பெற்றோர், குண்டுவீச்சில் தரைமட்டமான நகரங்களைச் சிறுவயதில் கண்டவர்கள். பெரிய அண்டை வீட்டுக் காவலனை நம்பி உறங்காதே என்னும் கரடிக் கதையின் பாடம், தற்சார்பையே அரசுக் கொள்கையாக முழங்கிய ஒரு நாட்டின் பாடம். அதை ஒரு குழந்தைக்குப் புரியவைக்க மயங்கிக் கிடக்கும் ஒரு கரடி போதுமானதாக இருந்தது.

எழுத்துப் பள்ளியில் விலங்குகள்

ஆனால் போர்க்கோலம் பூண்ட விலங்கு கொரியாவில் பிறந்ததன்று. கொரியாவை ஆண்ட ஜப்பானில் அது ஏற்கனவே சிறுவர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. தகாவா சுய்ஹோ வரைந்த 'நோராகுரோ' என்னும் சித்திரக்கதை 1931இல் ஒரு சிறுவர் இதழில் தொடங்கியது. ஆதரவற்ற கறுப்பு நாய்க்குட்டி ஒன்று நாய்ப் படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து, தவறுகள் பல செய்து, படிப்படியாகப் பதவி உயரும் கதை அது. நகைச்சுவையாகத் தொடங்கிய கதை, சீனப் போர் வலுத்தபோது தானும் போர்க்கோலம் பூண்டது. இறுதியில் அரசின் நெருக்கடியாலேயே 1941இல் நின்றுபோனது.

அடுத்த படியை எடுத்துவைத்தது ஜப்பானியக் கடற்படை. அதன் ஆதரவில் செவோ மிட்சுயோ இயக்கிய 'மோமோதாரோவின் கடற்கழுகுகள்' 1943இல் வந்தது; ஏறத்தாழ 37 நிமிடம் ஓடுவது. பீச் பழத்திலிருந்து பிறந்து நாய், குரங்கு, பெருஞ்செம்போத்தை ஒத்த ஃபெசன்ட் பறவை ஆகியவற்றைத் துணைக்கொண்டு அரக்கர் தீவை வென்ற நாட்டுப்புறக் கதைச் சிறுவன் மோமோதாரோ. அவன் இப்படத்தில் விமானப்படைத் தலைவனாகி, பேர்ல் துறைமுகத் தாக்குதலை நடத்துகிறான். இரண்டாண்டு கழித்து, 1945 ஏப்ரலில் அதன் தொடர்ச்சியாக 'மோமோதாரோ: தெய்விகக் கடல்வீரர்கள்' வெளிவந்தது. 74 நிமிடம் ஓடும் இதுவே ஜப்பானின் முதல் முழுநீள இயங்கு சித்திரப்படம். 1942இல் செலிபஸ் தீவில், அதாவது இன்றைய சுலாவெசியில், கடற்படையின் வான்குடை வீரர்கள் இறங்கிய நிகழ்ச்சியை ஒட்டி எழுந்தது.

இப்படத்தில் கவிஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய காட்சிகள் இரண்டு.

முதலாவது, எழுத்துப் பள்ளிக் காட்சி. தீவின் விலங்குகளுக்கு ஜப்பானியப் படைவீரர்கள் பாடம் நடத்துகிறார்கள். ஆளுக்கொரு குரலாய் வகுப்பு கலைந்து கிடக்கிறது. பிறகு 'ஆ, இ, உ, எ, ஒ' என்னும் ஜப்பானிய உயிரெழுத்து வரிசை பாட்டாக எழ, விலங்குகள் எல்லாம் ஒரே குரலில் சேர்ந்து பாடுகின்றன. இனிமையான பாட்டு, துள்ளலான சித்திரம். ஆனால் அந்தப் பாட்டு ஒலித்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கொரியப் பள்ளிகளில் 1938 முதல் கொரிய மொழி கட்டாயப் பாடம் என்னும் நிலையை இழந்தது. 1940இல் கொரியர்கள் தம் பெயரையே ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளும் நெருக்கடி வந்தது. ஷோனான் என்று பெயர் மாற்றப்பட்ட சிங்கப்பூரிலும் பள்ளிப் பிள்ளைகள் ஜப்பானிய மொழி கற்க நேர்ந்தது. அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. தீவுமக்களை மனிதராக வரைந்து, அவர்கள் வாயில் அயல்மொழி எழுத்தைத் திணித்துக் காட்டியிருந்தால் அது வன்முறை என்று எவருக்கும் புலப்பட்டிருக்கும். யானையும் குரங்கும் பாடும்போது, பேச்சே அறியாத உயிர்களுக்குப் பேச்சை அருளியது போலத் தோன்றுகிறது. அவர்களுக்கென்று முன்பே ஒரு மொழி இருந்தது என்பதை விலங்குமுகம் மறைத்துவிடுகிறது.

இப்படத்தில் பகைவர்களான ஆங்கிலேயர் மனித உருவில் வருகிறார்கள். ஆனால் தலையில் அரக்கரின் கொம்பு முளைத்திருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் நடந்த பிரித்தானியச் சரணடைவை நினைவூட்டும் வகையில், அவர்கள் மோமோதாரோவின் முன் நடுநடுங்கி அமர்ந்திருப்பார்கள்.

இரண்டாவது காட்சி, போருக்கு முன் வீடு திரும்பிய விலங்கு வீரர்களின் ஊரில் நிகழ்வது. காற்றில் பறக்கும் டான்டிலியன் பூவின் பஞ்சு விதைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனுடைய கண்ணில் அவை வான்குடைகளாகத் தோன்றுகின்றன. பூவைப் பூவாகக் காண முடியாமல் ஆக்கிய போரின் கொடுமை என்றும் இதைப் படிக்கலாம். போரைப் பூவாக்கிக் காட்டும் தந்திரம் என்றும் படிக்கலாம். கடற்படை இரண்டாம் பொருளையே விரும்பியிருக்கும். ஆனால் சித்திரம் இரண்டையும் தாங்கி நிற்கிறது.

அந்த ஏப்ரலில், வான்தாக்குதலில் எரிந்து கிடந்த ஒசாகா நகரின் திரையரங்கு ஒன்றில் பதினாறு வயது மாணவன் ஒருவன் இப்படத்தைப் பார்த்தான். போர்ப் பரப்புரையின் அடியில் ஓடிய கனிவும் கனவும் அவனைக் கண்கலங்கச் செய்தன. தானும் ஒருநாள் இயங்கு சித்திரப்படம் எடுப்பது என்று முடிவு செய்தான். பிற்காலத்தில் ஜப்பானியச் சித்திரக்கதை உலகின் தந்தை எனப் போற்றப்பட்ட தெசுக்கா ஒசாமு அவனே. 1965இல் வெளிவந்த அவருடைய 'காட்டரசன்' தொடரிலும் விலங்குகள் எழுத்துப் பாட்டுப் பாடுகின்றன. போருக்குப் பின் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட 1945ஆம் ஆண்டுப் படத்தின் பிரதி 1980களில் கண்டெடுக்கப்பட்டது. செப்பனிட்ட பிரதி 2016இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

ஓநாய்க்கு நாடு இல்லை

வேறு அணியினரும் இதே முகமூடிக் கடையில்தான் சரக்கு வாங்கினார்கள். 1942இல் அமெரிக்காவில் டெக்ஸ் ஏவரி இயக்கிய குறும்படம் ஒன்றில் மூன்று பன்றிக்குட்டிகளின் பழங்கதை போர்க்கதையாகிறது. வீட்டை ஊதித் தள்ள வரும் ஓநாய் இட்லரின் சாயலில் வருகிறது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பிரான்சில் எட்மோன் கால்வோ வரைந்து, 1944இல் பாரிஸ் விடுதலையான பின் வெளிவந்த 'விலங்கு மாண்டது' என்னும் சித்திரக்கதை உலகப்போர் முழுவதையும் விலங்குகளைக்கொண்டு சொன்னது. அதில் பிரெஞ்சுக்காரர்கள் முயல்களும் அணில்களும், ஜெர்மானியர் ஓநாய்கள், ஆங்கிலேயர் புல்டாக் நாய்கள், அமெரிக்கர் காட்டெருமைகள், ரஷ்யர் கரடிகள்.

இப்போது மலர்க்குன்றுக்குத் திரும்புவோம். 1944இல் அணில் பிரெஞ்சுக் குடிமகன். 1977இல் அதே அணில் கொரியன். ஓநாய் ஒரு திரையில் ஜெர்மானியன். இன்னொரு திரையில், பார்த்தவர்களின் ஊகப்படி, அமெரிக்கன். ஓநாய்க்கென்று ஒரு நாடு இருந்ததே இல்லை. முகமூடி அப்படியே இருக்க, அதன் பின்னுள்ள முகம் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆதலால் இச்சித்திரங்களிலிருந்து பகைவனைப் பற்றி நாம் அறிவது சொற்பம். வரைந்தவனுடைய அச்சத்தைப் பற்றி அறிவதே மிகுதி. சிறியவர்கள் தம்மை அணிலாக வரைகிறார்கள். பெரிய நாடுகளும் போர்க்காலத்தில் தம்மைச் சிறியவர்களாக வரையவே விரும்புகின்றன. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்டவர்கள்கூட முயலும் குரங்கும் நாயும்தான்.

முகமூடியை மாற்ற முடியாதபோது கதையின் முடிவை மாற்றினார்கள். 1945 ஆகஸ்டில் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை', பன்றி எது மனிதன் எது என்று வேறுபடுத்த முடியாமல் மற்ற விலங்குகள் சன்னல் வழியே திகைத்து நிற்பதோடு முடியும். ஆர்வெல் 1950இல் மறைந்தார். 1954இல் பிரிட்டனின் ஹாலஸ், பாட்செலர் இணையர் அதைத் திரைப்படமாக்கியபோது, பின்னிருந்து பணம் தந்தது அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. படத்தின் முடிவில் விலங்குகள் பன்றிகளுக்கு எதிராகத் திரண்டெழுகின்றன. பன்றியும் மனிதனும் ஒன்றே என்னும் ஆர்வெலின் கசப்பான கண்டுபிடிப்பு பனிப்போருக்கு உதவாது. பன்றியை வீழ்த்த வேண்டும் என்பதே உதவும். இரு பக்கமும் சுட்டிய விரலை ஒரே பக்கம் திருப்பிவிட்டார்கள்.

பகைவனின் அமைச்சர்

பஞ்சதந்திரப் போர்க்கதையில் வயதான காகம் ஸ்திரஜீவி, தன் கூட்டத்தால் அடித்துத் துரத்தப்பட்டவன் போல நடித்து ஆந்தைகளிடம் அடைக்கலம் புகுகிறது. உள்ளிருந்தே குகை வாயிலில் விறகு சேர்த்து, ஒருநாள் அனைத்தையும் எரித்துவிடுகிறது. மலர்க்குன்றின் கும்சேகிக்கு அது பாட்டன் முறை. இரண்டு கதையிலும் ஒற்றனே தலைவன். ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. ஆந்தைகளின் அவையில் ரக்தாட்சன் என்னும் அமைச்சர், இந்தக் காகத்தை நம்பாதீர்கள் என்று கடைசிவரை எச்சரிக்கிறார். அவர் சொல்லை அரசன் கேட்கவில்லை. வெற்றி பெற்றுத் திரும்பிய ஸ்திரஜீவி தன் அரசனிடம், அந்தக் கூட்டத்தில் அறிவாளி ரக்தாட்சன் ஒருவரே என்று மனமாரப் புகழ்கிறது. பகைவனின் குகையில் ஓர் அறிவாளியை வைத்தவர் விஷ்ணுசர்மர். கதையைக் கேட்ட அரசகுமாரன் வென்ற காகத்திடம் மட்டுமன்றித் தோற்ற ஆந்தையிடமும் பாடம் கற்க முடிந்தது. நாளை நீ ஆந்தையின் இடத்தில் இருக்கக்கூடும் என்பதும் அதனுள் அடங்கிய பாடம்.

போர்க்காலச் சித்திரங்கள் பறித்துக்கொண்டது இதைத்தான். கொம்பு முளைத்த ஆங்கிலேயருக்குச் சொல்லத்தக்க சொல் எதுவும் இல்லை. பன்றிக்குட்டிகளின் ஓநாய்க்கும் இல்லை. மலர்க்குன்றுத் தொடரில் மட்டும் விந்தையான ஒன்று நேர்ந்தது. ஒற்றன் பகைவர் பாசறையில் நெடுங்காலம் வாழ வேண்டியிருந்ததால் கதையும் அங்கேயே வாழ வேண்டியதாயிற்று. வீசல்களுக்குள் பதவிப் போட்டி, பொறாமை, மேலதிகாரியிடம் அச்சம் எல்லாம் திரையில் விரிந்தன. வெறுக்கக் கற்பிக்க வந்த தொடர், வெறுக்கப்பட வேண்டியவர்களின் வீட்டுக்குள் குழந்தைகளை நெடுநாள் உட்காரவைத்தது. ஆயினும் அங்கே ஒரு ரக்தாட்சன் பிறக்க இடம் தரப்படவில்லை.

நம் இலக்கணத்தில் உள்ளுறை உவமம் என்று ஒன்று உண்டு. மருதத்து எருமையும் நெய்தல் நாரையும் செய்கின்றவற்றைச் சொல்லி, மனிதர் நெஞ்சில் நிகழ்வதைக் கேட்போர் உய்த்துணரவிடுவது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே அதற்கு நிலைக்களன் என்று தொல்காப்பியர் வரையறுத்தார். அங்கே எருமை எருமையாகவும் இருக்கும். பொருளை நிறைவு செய்யும் உரிமை கேட்பவருக்கு இருக்கும். பரப்புரையின் விலங்குக்கு இவ்விரண்டும் இல்லை. அது விலங்காக வாழ்வதுமில்லை. அதன் பொருளைத் தேடும் வேலையைப் பார்ப்பவருக்கு விட்டுவைப்பதுமில்லை.

இதை முழுதும் உணர்ந்து விலங்குமுகத்தைக் கையாண்டவர் அமெரிக்காவின் ஆர்ட் ஸ்பீகல்மன். 1940இல் வந்த நாஜிப் பரப்புரைப் படம் ஒன்று யூதர்களை எலிக் கூட்டத்தோடு ஒப்பிட்டது. நாஜி முகாமில் இருந்து மீண்ட தம் தந்தையின் கதையை 1980 முதல் 1991 வரை 'மவுஸ்' என்னும் சித்திரக்கதையாக வரைந்த ஸ்பீகல்மன், அந்த இழிசொல்லையே எடுத்துக்கொண்டு யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் தீட்டினார். இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில், தம்மையே எலி முகமூடி அணிந்த மனிதனாக வரைந்தார். முகமூடியைக் கட்டிய கயிறும் தெரிகிறது. அந்நூலுக்கு 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. கயிற்றைக் காட்டிய அந்த ஒரு சித்திரம், இக்கட்டுரையில் சொன்ன எல்லாப் படைகளுக்கும் விடை.

பியாங்யாங் நிலையத்தின் கதையையும் சொல்லி முடிக்க வேண்டும். ஓநாய்ப் படையை வரைந்த அதே நிலையம் அயல்நாட்டு நிறுவனங்களுக்காகவும் கூலிக்குச் சித்திரம் வரைந்து கொடுத்தது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் சார்பில் 2001இல் அங்கே மேற்பார்வைக்குச் சென்ற கனடாக்காரர் கய் டெலில், அந்த நாள்களைப் 'பியாங்யாங்' என்னும் சித்திர நூலாக்கினார். 2021 டிசம்பரில் அமெரிக்க அரசு அந்நிலையத்தின் மீது தடை விதித்தது. பகலில் ஐரோப்பியக் குழந்தைகளைச் சிரிக்கவைக்கும் உருவங்களையும், பிறிதொரு மேசையில் தம் குழந்தைகளுக்கான பகைவர் உருவங்களையும் தீட்டிய கைகள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கை அறிந்திருந்த உறவை, அது வரைந்த கதை அறியவில்லை.

காகத்துக்கும் ஆந்தைக்கும் பகை மூண்டது எப்படி என்பதற்கும் பஞ்சதந்திரம் ஒரு காரணம் கூறுகிறது. பறவைகள் கூடி ஆந்தைக்கு முடிசூட்ட இருந்த வேளையில் ஒரு காகம் வந்து, சினம் கொள்ளாதபோதே இதன் முகம் இப்படியிருந்தால் சினந்தால் எப்படியிருக்கும் என்று ஏளனம் செய்ததாம். முடிசூட்டு நின்றது, தலைமுறைப் பகை தொடங்கியது. மண்ணாசையாலன்று, பிறர் முகத்தை வருணித்த ஒரு சொல்லால். அவ்வாறு பேசிவிட்டோமே என்று அந்தக் காகமும் பிறகு வருந்தியது என்கிறது கதை. முகங்களை வருணிப்பதே நம் தொழில். இன்னொரு பத்தாண்டுக்குப் பேனாவை எடுக்கும் நம் வட்டத்துக் கவிஞர்கள் அந்தக் காகத்தின் வருத்தத்தை எழுதிய பிறகு அல்ல, எழுதும் முன்பே ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாக.